எண்பத்து நான்கு பிள்ளைகளின் பூங்கா

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன கிழமை, சின்னத்தங்கம் என் வாசலில் வந்து நின்று, "கேதீஸ்வரி, அந்தப் பூங்கா வளவ என்ட மகளுக்கு எடுத்துத் தாகா" என்றாள்.

அடுப்பில் மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. "அது என்ன கடைச் சாமானா, எடுத்துத் தர?" என்று உள்ளேயிருந்தே கேட்டேன். அவள் போகவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். சின்னத்தங்கம் உட்கார்ந்தால் காரியம் முடியாமல் எழும்ப மாட்டாள் என்பது ஊருக்கே தெரியும்.

எங்கள் குடியேற்றத்தில் அறுபது வீடுகள். கல்லடிப் பக்கம் கடற்கரையோரம் இருந்தவர்கள் நாங்கள். கடல் அடித்த பிறகு, கூடாரத்தில் இரண்டு வருடம் போட்டு வாட்டி, கடைசியில் வாவிக்கு இந்தப் பக்கம் வீடு கட்டித் தந்தார்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மூன்று தவணையாக நான்தான். எனக்கு ஆசையில்லை. கடிதம் எழுதத் தெரிந்ததுதான் நான் செய்த குற்றம். பைப்பில் தண்ணீர் வராவிட்டாலும் கேதீஸ்வரி, புருசன் அடித்தாலும் கேதீஸ்வரி. கூட்டத்துக்கு வா என்றால் மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை.

பூங்கா கடைசி ஒழுங்கையில் இருக்கிறது. வீடுகளைக் கட்டித் தந்த வெளிநாட்டு நிறுவனம்தான் அதையும் கட்டியது. நான்கு ஊஞ்சல், இரண்டு சறுக்கி, ஒரு சுற்றுராட்டினம், சுற்றிவரக் கம்பி வேலி. இரண்டு வீட்டு வளவு அளவுக்கு இடம். கட்டி இரண்டு வருடமாகிறது. அதில் விளையாடியது காகமும் சாமித்தம்பியின் ஆடுகளும்தான்.

"ஆடு மேயிற வளவில என்ட மகள் குடும்பம் நடத்தினா ஆருக்கு நட்டம்?" என்றாள் சின்னத்தங்கம்.

அவள் கேட்டதில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பெண்ணுக்கென்று வீடு இல்லாவிட்டால் கலியாணப் பேச்சே எடுக்க முடியாது. சின்னத்தங்கத்தின் புருசன் கந்தப்போடி கெட்டிக்காரன். இரண்டு மகள்மாருக்கும் கடற்கரையில் இரண்டு வளவு வேலியடைத்து வைத்திருந்தான். கடல் அவனையும் கொண்டுபோனது, மகன் சிவதர்ஷனையும் கொண்டுபோனது. வளவுகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. ஆனால் அங்கே வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் கோடு போட்டுவிட்டது. இங்கே கிடைத்த ஒரு வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்து அவள் கலியாணத்தை முடித்தாயிற்று. இளையவள் நிருஷாவும் தாயும் அந்த வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டிலில் படுக்கிறார்கள். நிருஷாவுக்கு இருபத்தாறு வயது. மாங்கேணியில் ஒரு மேசன் பொடியன் அவளைக் கட்ட ஓம் என்றிருக்கிறான். நல்ல பொடியன். அவனுடைய தாய் மட்டும், "ஆவணிக்குள்ள வீட்டக் காட்டுங்க, இல்லாட்டி வேற இடம் பாக்கிறம்" என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

"பூங்காவ நிறுவனம் இந்த வியாழக்கிழம பிரதேச சபைக்குக் கையளிக்குது. அதுக்குப் பிறகு ஒரு கல்லையும் அசைக்க ஏலாது" என்றேன்.

"அதுதான் இண்டைக்கே வந்தன்."

ஒரு வழி இருந்தது. அது எனக்குத் தெரியும் என்பதுதான் என் கரைச்சல். நிறுவனத்தின் சட்டப்படி, இருபது பிள்ளைகளாவது இருந்தால்தான் பூங்கா. இருபதுக்குக் குறைந்தால் பூங்கா தேவையில்லை என்று எழுதி, காணியை வீட்டுக்கு விடலாம். எங்கள் பட்டியலில் எண்பத்து நான்கு பிள்ளைகள். அந்தப் பட்டியலை எழுதியவள் நான்.

அன்று பின்னேரம் காத்தான்குடி ஹலீம் நானா வந்தார். பூங்காவைப் பொருத்தியது அவர்தான். கையளிக்குமுன் கிறீஸ் போட்டு, ஆணி முறுக்கித் தரும்படி நிறுவனம் அனுப்பியிருந்தது. சாவியை அவரிடம் கொடுத்து நானும் கூடப் போனேன். சறுக்கியில் கை வைத்துவிட்டு, "அல்லாஹ்!" என்று கையை உதறினார். நாலு மணி வெயிலிலும் தகரம் தோசைக்கல்லாய்க் கொதித்தது.

"இது குளிர் நாட்டுச் சாமான், தங்கச்சி. அவங்கட நாட்டில இந்தத் தகரத்தில பனி உறைஞ்சு கிடக்குமாம். இஞ்ச கொண்டுவந்து மேற்குப் பாத்து வச்சிருக்கானுகள்."

அது உண்மை. நிறுவனத்து மரீத்தா பின்லாந்துக்காரி. கூடாரத்தில் எங்களை உட்கார வைத்து, தன் ஊர்ப் பூங்காவின் படங்களைக் காட்டியிருக்கிறாள். பஞ்சுப் பொதி மாதிரி உடுத்த பிள்ளைகள். பெரியவர்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. லொறியில் மண் கொண்டுவந்து கொட்டி, அதை ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதிலே பிள்ளைகளை விளையாட விட்டிருந்தார்கள். மண்ணை விலைக்கு வாங்குகிறார்களா என்று பெண்கள் வாயில் சேலையை வைத்துச் சிரித்தார்கள். கடல் அடித்த பிறகு அவர்கள் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

ஹலீம் நானா கட்டாரில் எட்டு வருடம் வேலை செய்தவர். வாய் ஓயாது. "அங்க பூங்கா கட்டிடத்துக்குள்ள, ஏசி போட்டு. புள்ளையள் குதிக்கிற இடத்தைச் சுத்தி நம்மட நாட்டுப் பொம்புளையள் குந்திக்கிட்டு இருப்பாளுகள், கூலிக்குப் பாக்கிறதுக்கு. தன்ட புள்ளைய ஊரில விட்டுட்டு வந்து அடுத்தவன்ட புள்ளைக்கு ஊஞ்சல் ஆட்டுவாளுகள். எங்கட ஊரச் சொல்லவா? ஒரு ஊஞ்சலுக்கு நாப்பது புள்ள. ஒண்டு இருக்கக்குள்ள ஒம்பது இழுக்கும். ஆறு மாசத்தில சங்கிலி தேஞ்சு நூலாப் போயிரும்." சொல்லிக்கொண்டே ஊஞ்சல் கொழுவியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, நான் பூசின பெயின்ட் உள்ளுக்க அப்பிடியே கிடக்கு."

நான் சறுக்கிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எண்பத்தி நாலு புள்ள எண்டுதானே எனக்கு ஓடர் தந்தாங்க? எண்பத்தி நாலு புள்ள ஆடின ஊஞ்சலா இது?"

"உங்களுக்குத் தந்த வேலையப் பாருங்க நானா" என்று கத்திவிட்டேன். மனிதர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து கிறீஸ் போட்டார். போகும்போது சாவியை என் கையில் தராமல் வேலிக் கம்பியில் கொழுவிவிட்டுப் போனார். அவரைப் பேசியது என் பிழை. நல்ல மனிதர்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, கூடாரத்தில் இருந்தபோது, குடும்ப விபரம் எழுதும் வேலையை நிறுவனம் என்னிடம் தந்தது. பிள்ளைகளின் பெயர், வயது. முதல் கூடாரம் சின்னத்தங்கத்தினுடையது. "எழுது, பொட்டையள் ரெண்டும் வளந்திட்டுதுகள், சின்னவன் ஒருத்தன். சிவதர்ஷனுக்கு இப்ப ஒன்பது நடக்குது" என்றாள். அவன் ஏழு வயதில் கடலோடு போனவன். உடலைக் கண்டெடுத்துத் தூக்கி வந்தவர்களில் என் புருசனும் ஒருவர். நான் பேனையைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். எழுதினேன். சிவதர்ஷன், வயது ஒன்பது.

அடுத்த கூடாரத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். ஒருத்தியும் மற்றவளிடம் கேட்டுச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையின் பெயரைக் கேட்டால் பெற்றவள் சொல்லத்தானே செய்வாள்? போன பிள்ளைகளுக்கு ஒவ்வொருத்தியும் இரண்டு வயது கூட்டித்தான் சொன்னாள். ஒருவர் மட்டும், "மூணும் இல்ல, போடு கோட்ட" என்றார். அவர் தகப்பன். அவர் பெண்சாதி உள்ளேயிருந்து ஓடிவந்து மூன்று பெயரையும் சொன்னாள். அதையும் எழுதினேன். தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். கடைசியில் என் கூடாரத்துக்கு வந்து, கிருஷாந்தினி, பத்து வயது, லதுஷன், ஆறு வயது என்று எழுதிவிட்டு, கூட்டிப் பார்த்தேன். எண்பத்து நான்கு. அதில் உயிரோடு இருந்தவர்கள் பத்தொன்பது பேர்.

நிறுவனம் பட்டியலைப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு நிலம் என்று கணக்குப் போட்டு, இரண்டு வளவைச் சேர்த்துப் பூங்கா கட்டியது. பத்தொன்பது பேரும் அங்கே போகவில்லை. அதுகளைத் தாய்மார் வாசலைத் தாண்ட விட்டால்தானே. ஒழுங்கையில் கிளித்தட்டு விளையாடினால்கூட ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி நிற்பாள். இடையில் நான்கு பேர் வளர்ந்துவிட்டார்கள், நான்கு பேர் பிறந்தார்கள். இன்றைக்கும் பத்தொன்பதுதான்.

இரவு முழுக்க யோசித்துவிட்டு, விடிந்ததும் சின்னத்தங்கத்திடம் போய்ச் சொன்னேன். "பட்டியலத் திருத்தினா வளவு கிடைக்கும். கடலோட போன பிள்ளையள்ட பேரெல்லாம் வெட்ட வேணும். ஒவ்வொரு வெட்டுக்கும் பெத்தவங்க பக்கத்தில கையெழுத்து வைக்க வேணும். அதுதான் சட்டம்."

அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாறைச் சுவரில் சாத்தினாள். கையைச் சேலையில் துடைத்தாள். "என்டத முதல்ல வெட்டு" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சா ஏலாது புள்ள. வெட்டு." நான் கோடு இழுத்தேன். கோணலாகப் போனது. அவள் பக்கத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். கடைசி எழுத்து வரைக்கும் அழாமல் பொறுத்திருந்தாள். பிறகு கொட்டிலுக்குள் போனாள். நிருஷா வெளியே வந்து, "அக்கா, எனக்கு வீடும் வேணாம் ஒண்டும் வேணாம்" என்று அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. "இதச் சொல்றதுக்கு நேத்து வாய் இல்லையா உனக்கு? உன்ட தாய் வெட்டிட்டாள். இனி நீ அந்த வீட்டில சந்தோசமா இருந்தே ஆகவேணும்" என்று பேசிவிட்டு வந்தேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தேன். சின்னத்தங்கமும் கூட வந்தாள். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த மாதிரி இருந்தது எனக்கு அந்த வேலை. ஆற்றாமல் கிடந்த வீடுகளின் கதவைத் தட்டி, உன் பிள்ளையை வெட்டு என்று கேட்க வேண்டும். திட்டுவார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் ஒழுங்கையில் ஒருத்தி கதவைச் சாத்தினாள். அரை மணித்தியாலம் கழித்து அவளே தேடி வந்து, பூவரச மரத்தடியில் நின்று கையெழுத்து வைத்தாள். இன்னொருத்தி, "வெட்டுறதுதான் வெட்டுற, வயசத் திருத்திட்டு வெட்டு. அவனுக்கு இப்ப பதின்மூண்டு" என்றாள். நான் பதினொன்றை அழித்துப் பதின்மூன்று என்று எழுதினேன். அதற்குப் பிறகு கோடு போட்டேன். அன்று ஓடிவந்து மூன்று பெயரையும் சொன்ன தாய் பேனையை வாங்கினாள். மூன்று தடவை கையெழுத்து வைத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் பிளேன்ரீ ஊற்றித் தந்தாள். சீனி போட மறந்துவிட்டாள். நாங்களும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் சின்னத்தங்கம் ஒன்றைத்தான் சொன்னாள். "என்ட மகளுக்கு வீட்டுக்காகக் கேக்கிறன், என்னை மன்னிச்சிரு." ஏன் என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. பெண் பிள்ளைக்கு வீடு என்றால் எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

புதன் பின்னேரம் அறுபத்து மூன்று பெயர் வெட்டியாயிற்று. மிச்சம் இருபத்தொன்று. அதில் இரண்டு என்னுடையவை.

என்னுடையது என் கையில் இருப்பது, எப்போதும் வெட்டலாம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பேனையைத் திறந்தேன். சோற்றை வடிக்க வேண்டும் என்று எழும்பினேன். வடித்தேன். திரும்ப உட்கார்ந்தேன். என் புருசன் வந்தார். கடதாசியை மடித்துச் சீலைப் பெட்டிக்குள் வைத்தேன். பட்டியலில் எங்கள் பிள்ளைகளின் பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு வருடமாக, ஒவ்வொரு மாதமும் சங்கக் கொப்பியை விரித்து அந்த இரண்டு பெயரையும் பார்ப்பேன். யாராவது ஒரு வெள்ளைக்காரி எங்கேயோ ஒரு மேசையில் இருந்து, இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு ஊஞ்சல் வேண்டும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறாளே என்று எனக்கு ஒரு ஆறுதல். பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் ஆறுதல். அன்று நான் வெட்டவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மரீத்தா வந்தாள். மொழிபெயர்க்கப் பட்டணத்துப் பொடியன் பிரதீஸ் கூட வந்தான். மரீத்தாவும் களைத்துப் போயிருந்தாள். இங்குள்ள கந்தோரை மூடிவிட்டு, சண்டைக்குள்ளிருந்து வந்தவர்களை வைத்திருக்கும் வவுனியா முகாம்களுக்குப் போகிறார்களாம். அங்கே கம்பி வேலிக்குள் ஆயிரக்கணக்கில் பிள்ளைகளாம், விளையாட ஒரு முழ நிலம் இல்லையாம். அவள் சொல்லச் சொல்ல, எங்கள் பூங்கா வேலிக்குப் பின்னால் காற்றில் தானாக அசைகிற ஊஞ்சலைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பட்டியலை நீட்டினேன். அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். கோடுகளைப் பார்த்தாள். கையெழுத்துகளைப் பார்த்தாள். பிரதீஸ் அவளுக்கு மெல்லமாக என்னவோ சொன்னான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் எதிர்பார்த்த கேள்வி ஒன்றையும் அவள் கேட்கவில்லை. வெட்டாத பெயர்களை மட்டும் பென்சிலால் எண்ணினாள். நிமிர்ந்து சிரித்தாள்.

"இருபத்தொண்டு இருக்காம்" என்றான் பிரதீஸ். "அப்ப பூங்கா நிக்கலாமாம். பிள்ளையளுக்கு நல்ல செய்தியாம்."

சின்னத்தங்கம் வேலியோரம் நின்றாள். நிருஷாவும் நின்றாள். சின்னத்தங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு நாளும் என்னோடு நடந்தவள், ஒவ்வொரு வெட்டையும் பார்த்தவள், எந்த இரண்டு என்று அவளுக்குத் தெரியாதா? மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கினாள். பாவி, என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"பிழை" என்றேன். "இருபத்தொண்டு இல்ல. பத்தொன்பது."

பிரதீஸ் சொன்னான். மரீத்தா பட்டியலைத் திரும்பப் பார்த்தாள். நான் விரலால் காட்ட, பென்சில் என் வீட்டு இலக்கமான நாற்பத்தொன்றில் நின்றது. "இந்த ரெண்டு பேரும் எங்க எண்டு கேக்கிறா. வேற இடத்துக்குப் போயிட்டாங்களா எண்டு."

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் பேசாமல் வெட்டியிருப்பாள். எங்கள் ஊரில் ஒருவரும் பிள்ளைகள் செத்தது என்று சொல்வதில்லை. கடலோடு போனது என்றுதான் சொல்வோம். போன பிள்ளை வரவும் கூடும் என்கிற மாதிரி நாலரை வருடம் அப்படித்தான் சொல்லி வந்தோம்.

"செத்துப் போயிட்டுதுகள்" என்றேன். "ரெண்டும் செத்துப் போயிட்டுதுகள். என்ட பிள்ளையள்."

பிரதீஸ் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. மரீத்தா பேனையை எடுத்து என் கையில் வைத்தாள். கோடு போட்டேன். ஒன்று. இரண்டு. பிறகு அவள் ஒரு புதுப் பத்திரத்தை எடுத்தாள். திருத்திய விபரம் வீட்டு வாரியாக அதில் வர வேண்டுமாம். நாற்பத்தோராம் இலக்கம், பிள்ளைகள் எத்தனை என்று பிரதீஸ் மெதுவாகக் கேட்டான்.

"இல்ல" என்றேன். "பிள்ளையள் இல்ல எண்டு எழுது."

"என்னது?" சின்னத்தங்கம் திரும்பி ஓடி வந்தாள். சேலை காலில் தடக்க, வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஆரு சொன்ன இல்ல எண்டு? ரெண்டு பெத்தவள் அவள்! ரெண்டையும் நான்தான் தூக்கித் திரிஞ்சன்! ரெண்டு எண்டு எழுது தம்பி! எனக்கு வளவு வேணாம், ரெண்டு எண்டு எழுது!"

"வாய மூடுகா!" என்று நானும் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "உன்ட மகளுக்கு வீடு வேணுமா இல்லையா?"

அவள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். நிருஷா நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒழுங்கையில் கதவுகள் திறந்து பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒருத்தியும் பக்கத்தில் வரவில்லை.

பிரதீஸ் பூச்சியம் போட்டான். நான் கையெழுத்து வைத்தேன். மரீத்தா பக்கத்தில் திகதியும் வேண்டும் என்றாள். அன்று என்ன திகதி என்று எனக்கு வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சின்னத்தங்கம்தான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டே சொன்னாள்.